மூச்சு யாருடைய பொறுப்பு?

1543-இல் வெளிவந்த தன் உடற்கூற்றியல் பெருநூலின் இறுதிப் பகுதியில் ஆந்திரேயாஸ் வெசாலியஸ் ஒரு சோதனையை விவரித்திருக்கிறார். விலங்கின் மார்பைத் திறந்ததும் நுரையீரல் சுருங்கிவிடும், இதயம் தடுமாறும். அப்போது மூச்சுக்குழாயில் துளையிட்டு ஒரு நாணல் தண்டைச் செருகி ஊதினால் நுரையீரல் மறுபடி விரியும், இதயமும் தெளியும். 1667-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ராபர்ட் ஹூக் ஒரு நாயைத் துருத்திக் காற்றாலேயே உயிரோடு வைத்துக் காட்டினார். 1788-இல் சார்லஸ் கைட், நீரில் மூழ்கி எடுக்கப்பட்டவர்களை மீட்பது பற்றிய நூலில், குரல்வளைக்குள் செலுத்தக்கூடிய வளைந்த உலோகக் குழாயைப் பற்றி எழுதினார். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில், மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் ஈதரை முகரச் செய்து வலியில்லாத அறுவையை ஊரறியக் காட்டியபோது, மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்கும் யோசனைக்கு முந்நூறு வயது ஆகியிருந்தது. ஆனாலும் மயக்கத்தில் கிடப்பவருக்குக் குழாய் போடுவது வழக்கமான வேலையாக மாற அதற்குப் பிறகும் முக்கால் நூற்றாண்டு பிடித்தது. கையெட்டும் தூரத்தில் இருந்த ஒன்றை மருத்துவம் ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளவில்லை?

மயக்கவியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கருவிகளை வரிசைப்படுத்தி இதைக் கடந்துவிடுகிறார்கள். முதலில் துணி, பிறகு மாஸ்க், ரப்பர் குழாய், குரல்வளையைப் பார்க்க உதவும் வளைந்த லாரிங்கோஸ்கோப், கடைசியில் கேமரா. ஒவ்வொரு படியிலும் சாவு குறைந்தது என்பது அந்தக் கதையின் உட்கிடக்கை. சான்றுகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த வரிசை நிற்பதில்லை. பல கருவிகள் கண்டுபிடிக்கப்பட்டபின் பத்து, இருபது, ஐம்பது ஆண்டுகள் அலமாரியில் கிடந்திருக்கின்றன. சில கருவிகளும் மருந்துகளும் வந்த புதிதில் சாவைக் கூட்டியிருக்கின்றன. அவை உயிர்காக்கும் பொருள்களாக மாறிய இடங்களைத் தேடிப் பார்த்தால் அங்கெல்லாம் வேறொன்று முன்னதாக நடந்திருக்கிறது: நோயாளியின் மூச்சு இன்னாருடைய வேலை, அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கிடையாது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். மூச்சுவழிப் பராமரிப்பின் வரலாறு அடிப்படையில் இந்தப் பொறுப்பின் வரலாறு என்பது என் வாதம்.

மயக்க மருந்து வலியை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. விழித்திருக்கும்போது நாக்கையும் மெல்லண்ணத்தையும் முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. எச்சிலோ வாந்தியோ மூச்சுக்குழாய்க்குள் போனால் இருமி வெளியேற்றும் காவலும் தூங்கிவிடுகிறது. எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தியது 1847 நவம்பரில். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28 அன்று, நியூகாசிலுக்கு அருகே வின்லேட்டன் என்ற ஊரில், கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் சில நிமிடங்களில் இறந்துபோனாள். குளோரோஃபார்ம் மயக்கத்தில் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அதுதான். அவள் முகம் வெளுத்ததும் அங்கிருந்தவர்கள் தண்ணீரும் பிராந்தியும் வாயில் ஊற்றினார்கள். குளோரோஃபார்ம் குற்றவாளியில்லை, நினைவற்றவளின் தொண்டையில் ஊற்றிய திரவம்தான் அவளை மூச்சடைக்க வைத்தது என்றார் சிம்சன். மருந்தின் ஆவி அளவுமீறிப் போய் இதயத்தை நிறுத்தியது என்றார் லண்டனின் ஜான் ஸ்னோ. இதயமா மூச்சா என்ற அந்த வழக்கு அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு ஓயவில்லை. இருவருமே ஒரு கேள்வியைப் பெரிதாக எழுப்பவில்லை: அந்த அறையில் அவளுடைய மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? மருந்தைக் கொடுத்த மருத்துவரே, தன் உதவியாளர் செய்த அறுவையையும் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அது விதிவிலக்கே இல்லை. பெரிய மருத்துவமனைகளில்கூடக் குளோரோஃபார்ம் துணியைப் பிடிக்கும் வேலை அணியிலேயே இளையவருக்குப் போனது. அவருடைய கண்ணோ தான் கற்றுக்கொள்ள வந்த அறுவையின் மேல் இருந்தது.

அடைத்த தொண்டையைத் திறக்கக் கருவியே தேவையில்லை என்பது 1870-களிலேயே தெரிந்துவிட்டது. நார்வேக்காரரான யாகோப் ஹைபர்க் 1874-இல் கீழ்த்தாடையைக் காதுகளுக்குக் கீழிருந்து முன்னோக்கித் தள்ளும் முறையை எழுதினார்; ஜெர்மன் இராணுவ அறுவை மருத்துவர் எஸ்மார்க் அதைப் பரவச் செய்தார். தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே வரும், வழி திறக்கும். செலவில்லாத இந்த முறை இன்றைக்கும் ஒவ்வொரு ஆபரேஷன் தியேட்டரிலும் நடக்கிறது. ஆனால் இரண்டு கைகளையும் நோயாளியின் தாடையில் வைத்தபடி ஒருவர் முழு நேரமும் நிற்க வேண்டும். கையை ஒதுக்கத் தயாராக இல்லாத இடத்தில் இந்த அறிவு பயன்படவில்லை.

இங்கே ஹைதராபாத்துக்கு வர வேண்டும். உலக மயக்கவியல் வரலாற்றில் இந்திய நகரம் ஒன்று நடுக்கூடத்தில் நின்ற தருணம் அது. நம்மில் பலருக்கு இன்னும் தெரியாத தருணமும்கூட. ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த எட்வர்ட் லாரி, எடின்பரோவில் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமிடம் பயின்றவர். குளோரோஃபார்மில் மூச்சு நின்ற பிறகுதான் இதயம் நிற்கும், ஆகவே நாடியில் விரலை வைத்துக்கொண்டிருப்பது வீண், மூச்சைப் பார்த்தால் போதும் என்பது அவர் அங்கே கற்ற பாடம். அதை நிறுவ நிஜாமின் ஆதரவோடு 1888-இல் ஓர் ஆணையத்தை அமைத்து விலங்குகளில் சோதனை செய்தார். லண்டனின் 'லான்செட்' இதழ் ஐயம் எழுப்பவே, அவர்களே ஒரு நிபுணரை அனுப்பட்டும் என்று நிஜாம் அரசு 1,000 பவுண்டு கொடுத்தது. தாமஸ் லாடர் பிரண்டன் வந்தார். 1889-இன் இரண்டாம் ஆணையம் நூற்றுக்கணக்கான நாய்கள், குரங்குகள், பிற விலங்குகளில் திரும்பவும் சோதித்து லாரியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. சந்தேகத்தோடு கப்பலேறிய பிரண்டனும் அதையே லண்டனுக்குத் தெரிவித்தார்.

அந்தத் தீர்ப்பு தவறு. 1911-இல் குட்மேன் லெவி பூனைகளில் செய்த சோதனைகள், அரைகுறையான குளோரோஃபார்ம் மயக்கத்தில் இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடித்துத் திடீரென நின்றுவிடக் கூடும் என்று காட்டின. அட்ரினலின் சுரக்கும் அச்ச வேளையில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். மூச்சுக்கு முன்னாலேயே இதயம் நிற்கலாம். அதனால் ஹைதராபாத் ஆணையத்தை ஒரு வழிதவறிய முயற்சி என்று ஓரிரு வரியில் முடித்துவிடும் நூல்கள் உண்டு. ஆணையம் வெளியிட்ட நடைமுறைக் குறிப்புகளைப் பார்த்தால் அப்படி முடிக்க மனம் வராது. மார்பும் வயிறும் அசைவது கண்ணுக்குத் தெரியும்படி ஆடையைத் தளர்த்த வேண்டும். மயக்கம் கொடுப்பவரின் கவனம் மூச்சைவிட்டு நகரக் கூடாது. மூச்சு தடைப்பட்டால் உடனே கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் நிற்கும்படி பிடிக்க வேண்டும். உடலியல் பற்றிய பிழையான கோட்பாடு ஒன்றிலிருந்து சரியான ஓர் ஒழுங்கு பிறந்திருக்கிறது. மயக்கம் கொடுப்பவருக்கு இது ஒன்றே வேலை என்று தெளிவாக வகுத்த ஆரம்பகால ஆவணங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பள்ளியில் படித்த ரூபாபாய் ஃபர்தூன்ஜி உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராக எண்ணப்படுகிறார். அவரைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதப்பட வேண்டும்.

அப்போது குழாய் எங்கே இருந்தது? இருந்தது, ஆனால் தனியாக. கிளாஸ்கோவில் வில்லியம் மக்கீவன் 1878 ஜூலையில், நாக்கின் அடியில் புற்று வளர்ந்த ஒருவருக்கு, அவர் விழித்திருக்கும்போதே விரலால் தடவி வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் உலோகக் குழாயைச் செலுத்தி, அதன்வழியே குளோரோஃபார்ம் கொடுக்கச் செய்தார். முன்னதாகச் சடலங்களில் பழகியிருந்தார். குழாயைச் சுற்றித் தொண்டையை அடைத்துவைத்ததால் ரத்தம் நுரையீரலுக்குள் இறங்கவில்லை. 1880-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' அதை வெளியிட்டது. ஒரு மாபெரும் மாற்றம் அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும், தொடங்கவில்லை. மக்கீவன் அறுவை மருத்துவர். அவருக்குத் தேவைப்பட்ட குழாயை அவரே போட்டார். அதைத் தன் தொழிலாக எடுத்து வளர்க்க இன்னொருவர் இல்லை. ஜெர்மனியில் காசெல் நகரின் ஃபிரான்ஸ் கூன் இன்னும் ஒருபடி மேலே போனார். வளையும் உலோகக் குழாயை வடிவமைத்து, 1900 தொடங்கி இடைவிடாமல் எழுதி, 1911-இல் தனி நூலே வெளியிட்டார். அவர் காலத்தின் பேரதிகாரம் படைத்த மார்பு அறுவை மருத்துவர் சவர்பிரூக் 1904-இல் வேறு வழியைக் காட்டியிருந்தார்: நோயாளியின் தலை வெளியே இருக்க, உடலும் மருத்துவக் குழுவும் காற்றழுத்தம் குறைந்த ஓர் அறைக்குள் இருப்பது. மார்பைத் திறந்தாலும் நுரையீரல் சுருங்காமலிருக்க ஓர் அறையையே கட்டும் அளவுக்குப் போன அந்தக் காலம் கூனின் குழாயைக் கண்டுகொள்ளவில்லை. அதிகாரம் அறுவை மருத்துவரிடம் இருந்தபோது மூச்சுக்கான தீர்வும் அவருடைய கட்டடத்துக்குள் தேடப்பட்டது.

நிலைமை மாறிய இடம் லண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள சிட்கப். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக 1917-இல் அங்கே குயின்ஸ் மருத்துவமனை திறந்தது. ஹெரால்ட் கில்லிஸ் தலைமையில் 5,000-க்கும் அதிகமான வீரர்களுக்கு 11,000-க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. தாடையே இல்லாதவருக்கு எந்தத் தாடையைத் தள்ளுவது? மாஸ்க் வைக்க வேண்டிய இடத்தில்தான் அறுவை மருத்துவரின் கத்தி வேலை செய்கிறது. போர் முடிந்து அங்கே வந்துசேர்ந்த ஐவன் மகில், ஸ்டான்லி ரோபாதம் இருவரும் முதலில் மெல்லிய குழாய் ஒன்றை மூச்சுக்குழாய்க்குள் வைத்து ஈதர் ஆவியை ஊதிப் பார்த்தார்கள். ஆவியும் ரத்தமும் திரும்பி அறுவை மருத்துவரின் முகத்திலேயே அடித்தன. திரும்பும் காற்றுக்காக இரண்டாவது குழாயைச் சேர்த்தார்கள். பிறகு, அகலமான ஒரே குழாய் போதும், நோயாளி அதன்வழியே தானே உள்ளும் புறமும் மூச்சுவிடுவார் என்று கண்டார்கள். 1921-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மகில் ரப்பர் குழாயைத் தானே அளவாக வெட்டி, முனையைச் சரிவாக்கி, வளைவு நிலைக்கும்படி சுருட்டி வைத்திருப்பார். மூக்கு வழியாகக் குழாயை இறக்கும்போது அவர் எதையும் பார்ப்பதில்லை. குழாயின் வெளிமுனையில் வரும் மூச்சொலியைக் கேட்டு, அது பெருகும் திசையில் நகர்த்துவார். அவருடைய கை நோயாளியின் மூச்சைப் பின்தொடர்ந்து போயிற்று.

சிட்கப்பில் ரப்பர் புதிது கிடையாது. ஒளிவிளக்கோடு குரல்வளையை நேராகப் பார்க்கும் கருவியை பெர்லினில் ஆல்ஃபிரட் கிர்ஷ்டைன் 1895-இலேயே செய்திருந்தார். மின்கலத்தில் எரியும் லாரிங்கோஸ்கோப்பை நியூயார்க்கின் ஹென்றி ஜேன்வே 1913-இல் வெளியிட்டார். புதியது என்னவென்றால், ஒரே வகையான நோயாளிகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். மூச்சைப் பார்ப்பதையே முழு வேலையாகக் கொண்ட இரண்டு பேர் தினமும் அங்கே இருந்தார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்கக் கட்டாயப்பட்ட அறுவை மருத்துவர் ஒருவரும் இருந்தார். அதன்பின் வந்தவை வேகமாக வந்தன. அமெரிக்காவில் ஆர்தர் குடல், ரால்ஃப் வாட்டர்ஸ் இருவரும் 1928-இல் காற்றூதும் வளையம் கொண்ட குழாயை வெளியிட்டார்கள். அந்த வளையம் உண்மையிலேயே வழியை அடைக்கிறது என்று காட்ட, குடல் தன் நாய்க்கு மயக்கம் கொடுத்து, குழாய் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் முழுவதும் அமிழ்த்தி வைத்தார். நாய் எழுந்து உடலை உதறிக்கொண்டு போனது. பிரிட்டனில் 1935-இல் மயக்கவியலுக்குத் தனிப் பட்டயத் தேர்வு வந்தது. 1937-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் பதவி உருவாகி ராபர்ட் மக்கின்டாஷ் அதில் அமர்ந்தார். இன்றும் உலகெங்கும் கையில் இருக்கும் வளைந்த லாரிங்கோஸ்கோப்பை அவர் 1943-இல் வெளியிட்டார். தேர்வும் பதவியும் முன்னே வந்தன. கருவி பின்னே வந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பொறுப்பு, பதவி என்பதெல்லாம் இருக்கட்டும். தசை தளர்த்தும் மருந்து இல்லாத காலத்தில் இறுகிய தாடையைத் திறந்து குழாய் போடுவது மிகக் கடினம், அதனால்தான் மக்கீவனும் கூனும் தோற்றார்கள், குராரே என்ற தசைத் தளர்த்தி வந்ததும் எல்லாம் எளிதாயிற்று என்பது அந்த மறுப்பு. 1942 ஜனவரி 23 அன்று மான்ட்ரியாலில் ஹரோல்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் குராரேயை அறுவையில் பயன்படுத்தியபின் குழாய் போடுவது எளிதானது உண்மைதான். ஆனால் அதன்பின் என்ன ஆயிற்று என்பதற்கு எண்கள் இருக்கின்றன. ஹென்றி பீச்சரும் டொனால்ட் டாட்டும் 1948 முதல் 1952 வரை அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் 5,99,548 மயக்கங்களை ஆராய்ந்து 1954-இல் வெளியிட்டார்கள். தசைத் தளர்த்தி கொடுக்கப்படாதவர்களில் ஏறக்குறைய 2,100 பேருக்கு ஒருவர் மயக்கத்தின் காரணமாக இறந்திருந்தார். கொடுக்கப்பட்டவர்களில் 370 பேருக்கு ஒருவர். குராரேக்கே ஏதோ உள்நச்சு இருக்கிறது என்று பீச்சர் கருதினார். பிரிட்டிஷ் மயக்கவியலாளர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். லிவர்பூலில் செசில் கிரே, 1946 முதலே, குராரே கொடுத்தவரின் மூச்சை முழுவதும் தானே கையால் நடத்தும் முறையைப் பின்பற்றி நல்ல விளைவுகளைக் கண்டிருந்தார். மருந்து தசைகளைத் தளர்த்தும்போது மூச்சுத் தசைகளையும் தளர்த்துகிறது. அந்த வேலையை ஏற்றுக்கொள்ளாமல், நோயாளியே எப்படியோ மூச்சுவிடுவார் என்று விட்டால் அவர் இறப்பார். நோய் கடுமையாக இருந்தவர்களுக்குத்தான் குராரே அதிகம் கொடுத்திருப்பார்கள் என்பதும் எண்களைக் கொஞ்சம் சாய்த்திருக்கலாம். அதைக் கழித்தாலும் செய்தி மிஞ்சுகிறது: வழியை எளிதாக்கிய மருந்து, மூச்சின் பொறுப்பு மாறாத இடங்களில் ஆபத்தைக் கூட்டியது.

அந்தப் பொறுப்பை முழுவதும் ஏற்றால் என்ன நடக்கும் என்பதை அறுவை அரங்குக்கு வெளியே கோபன்ஹேகன் காட்டியது. 1952 கோடையில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுக் கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். ரத்தத்தில் கார அளவு ஏறியிருந்ததைப் புரியாத நோய்க்கூறு என்று மருத்துவர்கள் எண்ணியிருந்தார்கள். மயக்கவியலாளர் பியோர்ன் இப்சன், வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடு உள்ளே தேங்குவதன் அடையாளம் அது என்றார். ஆகஸ்ட் 27 அன்று, சாகும் நிலையிலிருந்த ஒரு சிறுமிக்குக் கழுத்தில் துளையிட்டு வளையக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்துக் காட்டினார். அடுத்த மாதங்களில் ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பைகளை அமுக்கினார்கள். சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. குழாய் பழையது, பையும் பழையது. ஒரு நோயாளிக்கு எந்த நேரமும் ஒரு கை என்ற ஏற்பாடு புதியது. இன்றைய ஐ.சி.யூ. அங்கே பிறந்தது.

1960-களில் பொறுப்பு யாருடையது என்பதில் வளர்ந்த நாடுகளில் ஐயம் இல்லை. அதற்குள் இன்னொரு வகை மரணம் வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தது. மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. கைதேர்ந்தவரின் குழாயும் சில வேளை பின்னதில் போய்விடும். அதை உடனே அறிந்து வெளியே எடுத்தால் தீங்கில்லை. அறியாமல் விட்டால் சில நிமிடங்களில் மூளை செத்துவிடும். அமெரிக்க மயக்கவியலாளர் சங்கத்தின் இழப்பீட்டு வழக்கு ஆய்வு 1990-இல் 1,541 வழக்குகளைப் பரிசீலித்தது. மூச்சு சார்ந்தவையே மிகப் பெரிய பகுதி, 34 சதவீதம். அவற்றில் 18 சதவீதம் உணவுக்குழாயில் போன குழாய்கள். மருத்துவர்கள் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்காமல் விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அத்தகைய வழக்குகளில் கிட்டத்தட்டப் பாதியில் அவர்கள் கேட்டிருக்கிறார்கள், குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று முடிவும் செய்திருக்கிறார்கள். வயிற்றுக்குள் போகும் காற்று மார்பிலும் ஒலிக்கும். தன் கண்ணும் காதும் தன்னை ஏமாற்றக் கூடும் என்று ஏற்பது பொறுப்பின் அடுத்த படி. அதை ஏற்கத் திறமை மிகுந்தவர்களும் தடுமாறினார்கள்.

நுரையீரலிலிருந்து மட்டுமே தொடர்ந்து கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். அதை ஒவ்வொரு மூச்சிலும் அளந்து அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் கருவி இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. அப்படியானால் கடைசியில் வென்றது கருவிதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, அந்த அலை இல்லாமல் எத்தனை விழிப்பாக இருந்தாலும் போதாது. ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவை அளக்கும் முறையை ஜெர்மனியில் கார்ல் லுஃப்ட் 1943-இல் தந்துவிட்டார். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஸ்மால்ஹவுட் 1970-களில் அதை அன்றாட அறுவைக்குக் கொண்டுவந்தார். மற்ற நாடுகள் வழக்குகளும் விதிகளும் வரும்வரை காத்திருந்தன. ஹார்வர்டு மருத்துவமனைகள் 1986-இல் வெளியிட்ட கண்காணிப்பு விதிகளில் முதன்மையானது எந்தக் கருவியைப் பற்றியதும் அல்ல. மயக்கம் கொடுப்பவர் அறையைவிட்டு நகரக் கூடாது என்பது. மூச்சுவழி விபத்துகள் பற்றி பிரிட்டனில் 2011-இல் வெளியான நான்காவது தேசியத் தணிக்கை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. ஆபரேஷன் தியேட்டர்களில் கேப்னோகிராஃப் ஏற்கெனவே வழக்கமாகியிருந்தது. அதே மருத்துவமனைகளின் ஐ.சி.யூ.க்களில் வழக்கமாகவில்லை. ஐ.சி.யூ.வில் மூச்சுவழி விபத்தால் நேர்ந்த மரணங்களிலும் மூளைப் பாதிப்புகளிலும் 74 சதவீதத்தில் அதைப் பயன்படுத்தாதது ஒரு காரணம் என்று தணிக்கை கணித்தது. கருவி ஒன்றுதான், கட்டடமும் ஒன்றுதான். யாருடைய கடமை என்ற விடை மட்டும் வேறாக இருந்தது.

என் வாதத்துக்கு அடங்காத ஒரு கருவியும் உண்டு. லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் 1981-இல், பல் மருத்துவ மயக்கத்துக்கான மூக்கு மாஸ்க் ஒன்றின் ரப்பர் விளிம்பிலிருந்து தொடங்கி, சடலங்களின் தொண்டையைப் பிளாஸ்டர் வார்ப்பெடுத்துப் பார்த்து, குரல்வளையின் வாசலைச் சுற்றி அமரும் மாஸ்க்கை உருவாக்கினார். 1988-இல் அது சந்தைக்கு வந்தது. குரல்வளையைக் கண்ணால் பார்க்காமலே அதை வைக்கலாம். தாடையைப் பிடித்தபடி மணிக்கணக்கில் நின்ற கைகளை அது விடுவித்தது. குழாயும் போகாமல் மாஸ்க்கும் பயன்படாமல் போன நெருக்கடிகளில் உயிரை மீட்டது. எந்தப் புதிய பதவியும் விதியும் முன்னதாகத் தேவைப்படாமல் தானாகவே நன்மை செய்த கருவி என்று இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வயிற்றிலிருந்து மேலேறி வருவதை அது முழுமையாகத் தடுக்காது. பிரசவ மயக்கத்தில் இரைப்பை அமிலம் நுரையீரலுக்குள் இறங்குவதை நியூயார்க்கின் கர்டிஸ் மெண்டல்சன் 1946-இலேயே 44,016 பிரசவங்களை ஆராய்ந்து 66 பேரிடம் காட்டியிருந்தார். அறுபத்தைந்து ஆண்டு கழித்து அதே பிரிட்டிஷ் தணிக்கையிலும் மயக்க விபத்து மரணங்களின் முதல் காரணம் அதுவாகவே இருந்தது. யாருக்கு எந்தக் கருவி பொருந்தாது என்ற தீர்மானத்தில் நேர்ந்த பிழை அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் இருந்தது.

யாருக்குக் குழாய் போடுவது கடினமாக இருக்கும் என்று முன்கூட்டியே அறிய முடிந்தால் பாதிச் சிக்கல் தீரும் என்ற நம்பிக்கையும் பெரிது. ஆந்திரத்திலிருந்து பாஸ்டன் சென்ற சேஷகிரி ராவ் மல்லம்பட்டி, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்ளே என்னென்ன தெரிகிறது என்று பார்த்தே கணிக்கும் முறையை 1985-இல் 210 நோயாளிகளின் தரவோடு தந்தார். அறுவைக்கு முந்தைய நாள் நம்மூர் மருத்துவமனையிலும் நாம் நாக்கை நீட்டுவது அவர் வழியில்தான். எளியது, செலவில்லாதது, பயனுள்ளது. ஆனால் டென்மார்க்கில் 1,88,064 நோயாளிகளின் பதிவுகளை அலசி 2015-இல் வெளியான ஆய்வில், குழாய் போடக் கடினமாக இருந்த 3,391 பேரில் 93 சதவீதத்தினர் முன்னதாகக் கணிக்கப்படாதவர்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் தோல்விக்கு ஆயத்தமாகவே தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த ஆயத்தம் என்பது பெட்டியில் கத்தி இருப்பது மட்டும் இல்லை என்பதை இங்கிலாந்தில் 2005-இல் நடந்த ஒரு மரணம் காட்டியது. சைனஸ் அறுவைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு மாஸ்க்காலும் மூச்சு கொடுக்க முடியவில்லை, குழாயும் போகவில்லை. அனுபவமிக்க மூன்று மருத்துவர்கள் இருபது நிமிடத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் குழாயையே முயன்றார்கள். செவிலியர் ஒருவர் கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து தயார் என்று சொன்னார். அது அவர்கள் மனதில் ஏறவில்லை. இறந்த பெண்ணின் கணவர் மார்ட்டின் பிரொமிலி விமானி. விமான அறையில் இளையவர் எச்சரித்தால் மூத்தவர் நிற்கப் பயிற்சி இருக்கிறது, மருத்துவத்தில் ஏன் இல்லை என்று அவர் கேட்டார். தண்டனை கோராமல் அந்த மரணத்தைப் பாடமாக்கும்படி பல ஆண்டுகள் உழைத்தார். அந்த உழைப்பை எண்ணும்போது எனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

ஒருவருக்கு மட்டும் முழுப் பொறுப்பு என்பது இருபதாம் நூற்றாண்டு கஷ்டப்பட்டு எட்டிய விடை. அதுவே போதாது, அந்த ஒருவர் தவறும்போது சொல்லும் கடமை அறையிலுள்ள மற்றவர்களுக்கும் உண்டு என்பது இந்த நூற்றாண்டில் சேர்ந்தது. 2015-இல் பிரிட்டனின் கடின மூச்சுவழிச் சங்கம் தன் நெறிமுறையில் முயற்சிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தது. தோற்றுவிட்டோம் என்று வாய்விட்டு அறிவிக்கச் சொன்னது. 2016-இல் அகில இந்தியக் கடின மூச்சுவழிச் சங்கம் நம் மருத்துவமனைகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. உணவுக்குழாயில் போன குழாய் அறியப்படாமல் போவதைத் தடுக்கப் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2022-இல் தந்த பரிந்துரையில், குழாய் போட்டவரும் பக்கத்தில் நிற்கும் உதவியாளரும், திரையில் கார்பன் டை ஆக்சைடின் அலை தொடர்ந்து வருகிறதா இல்லையா என்பதைத் தனித்தனியே உரக்கச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அலை இல்லையென்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை, குழாய் தவறான இடத்தில் இருப்பதாகவே கொண்டு அதை எடுத்துவிட வேண்டும். போட்டவர் எத்தனை மூத்தவராக இருந்தாலும்.